சோழியும் வாக்கியமும்: தமிழகப் பஞ்சாங்கக் கணிதம்

தமிழகத்து இல்லங்களில் மாதம் சூரியனைப் பின்பற்றுகிறது. ஆனால் அம்மாதத்துக்குள் குழந்தையின் பிறந்தநாளை நட்சத்திரமும், மறைந்தோருக்குச் சிராத்தம் செய்யும் நாளைத் திதியும் தீர்மானிக்கின்றன. திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால் அது சுமார் 19 மணி முதல் 26 மணி வரை குறுகியும் நீண்டும் அமைகிறது. ஆகவே வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளைக் கொண்ட பஞ்சாங்கத்தைக் கணிப்பவரின் தலையாய பணி, நாள்தோறும் சந்திரன் நிற்கும் இடத்தை அறிவதே.

அதற்குத் தென்னகம் கண்ட வழி வாக்கிய முறை. சந்திரன் மெதுவாகவும் விரைவாகவும் நகரும் சுழற்சி ஒன்பது முறை நிறைவுற ஏறத்தாழ 248 நாட்களாகும் என்பதால், அந்நாட்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய சந்திர நிலை, எழுத்துகளுக்கு எண்மதிப்பு வழங்கும் கடபயாதி முறைப்படி, ஒரு சிறு சொற்றொடராக அமைக்கப்பட்டது. வரருசி இயற்றியதாக மரபு கூறும் இந்த 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்தவருக்கு ஏடும் தேவைப்படவில்லை. 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த சொற்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை நான்கு நிமிடமே, முடிவு நேரத்திலோ அது 52 நிமிடத்தை எட்டியது. அதற்கு முன்னர், 1769-ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீயும் இம்முறையைக் கற்று, 1765-ஆம் ஆண்டுக் கிரகணம் ஒன்று நீடித்த காலத்தை அது 41 விநாடி மட்டுமே குறைத்துக் காட்டியதாகக் குறித்தார். ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மேயரின் அட்டவணைகள் அதே கிரகணத்தில் 68 விநாடி பிழைத்திருந்தன. மனித நினைவாற்றலின் பெரும் சாதனைகளுள் ஒன்றாக இதனைக் கருதுவதில் மிகையில்லை.

எனினும், கிரகணத்தில் சிறந்த இம்முறை அட்டமியை ஒட்டிய நாட்களில் தளர்கிறது. சந்திரனின் ஓட்டத்தில் சூரிய ஈர்ப்பு உண்டாக்கும் ஒரு மாறுபாட்டை வாக்கியங்கள் தனியே கணக்கில் கொள்ளவில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சிறிதாகத் தோன்றும் அவ்விடைவெளி, அரைச்சந்திர நாட்களில் திதியைச் சில மணி நேரம் முன்பின்னாக நகர்த்திவிடுகிறது. பொதுமக்கள் கண்ணால் சரிபார்க்கக்கூடிய நிகழ்வு கிரகணமே என்பதால், அட்டமிப் பிழை நெடுங்காலம் எவரையும் உறுத்தாமல் இருந்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானில் நேரில் காணும் நிலைக்கு ஏற்பக் கணிதத்தைத் திருத்த வேண்டும் என வலியுறுத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அதன்பின் இரு முறைகளும் அருகருகே வழங்கிவருகின்றன: திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்தில் புகுந்தபோது, வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், அப்பெயர்ச்சி 2026 மார்ச்சிலேயே நிகழும் என்று அறிவித்தது.