அழுக்குப் படாத பாதங்கள்

பொம்மையார்பாளையத்தைத் தாண்டினால் புதுச்சேரி. அந்தப் பக்கம் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் தென்னார்க்காடு ஜில்லா. ஆனால் பாருங்கள், ஐரோப்பிய சலோன் பாணி ஓவியம் நம்ம வீட்டுக் கூடத்துக்கு வந்தது இந்த எல்லையைத் தாண்டி அல்ல. திருவாங்கூரில் கிளம்பி, பம்பாயைச் சுற்றிக்கொண்டு!

முதலில் பாரிஸ். அங்கே வில்லியம் பூகரோ (1825-1905) என்று ஓர் ஓவியர். சலோன் கண்காட்சிகளின் சூப்பர் ஸ்டார். அவருடைய ஸ்பெஷாலிட்டி, கிராமத்துச் சிறுமிகள். ஆடு மேய்க்கிறவள், உடைந்த குடத்தோடு உட்கார்ந்திருக்கிறவள்... 1882-ல் வரைந்த ஒரு படம் இப்போது அமெரிக்காவில், டெட்ராய்ட் மியூசியத்தில் இருக்கிறது. கொட்டை பொறுக்க வந்த இரண்டு குட்டிப் பெண்கள் புல்தரையில் கதை பேசுகிறார்கள். வெறுங்கால்தான். ஆனால் ஒரு வெடிப்பு இல்லை, துளி சேறு இல்லை. பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு பிள்ளை பத்தடி நடந்தால் கால் முழுக்க மணல் அப்பிக்கொள்ளும். இதுகள் காட்டில் பொறுக்கினதாம்!

அதே 1882-ல்தான் பிரான்சில் 6 முதல் 13 வயதுவரை கட்டாயக் கல்வி என்று சட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குவதைக் கட்டுப்படுத்த 1874-லேயே ஒரு சட்டம் உண்டு. ஆனால் அது தொழிற்சாலை, பட்டறை, சுரங்கங்களுக்குத்தான். வயலுக்கும் ஆட்டு மந்தைக்கும் கிடையாது. அதாவது, பூகரோ வரைந்த பெண்களுக்கு அது பொருந்தாது.

பூகரோவுக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விரல் நகம்கூட உயிரோடு இருக்கும். அவர் வேண்டுமென்றேதான் அழுக்கை விட்டார் என்பது என் கட்சி. காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்குத்தான் போடும். வாங்குகிறவர்கள் அமெரிக்கக் கோடீஸ்வரர்கள். மாட்டப்போவது வரவேற்பறையில். அங்கே பசி தொங்கினால் விருந்தாளிக்குச் சாப்பாடு இறங்குமா? டெகா கோஷ்டி இந்த மழமழப்பை அவர் பெயரை வைத்தே கிண்டல் செய்தது. விற்பனை குறையவில்லை.

நம்ம ஊரில் அதே எண்ணெய் வண்ணம், அதே மினுமினுப்பு... ராஜா ரவிவர்மா. 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், அரண்மனையில் மாட்டியது அடுக்களை வரை வந்துவிட்டது. அவருடைய சகுந்தலையை எல்லோருக்கும் தெரியும். காலில் முள் எடுக்கிற சாக்கில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்ப்பாளே, அவள்தான். ஆசிரமத்தில், காட்டில் வளர்ந்தவள். பாதத்தில் ஒரு தூசி கிடையாது. போதாக்குறைக்கு, அந்த முள்ளும் பொய் முள்!