குரலுக்கு மட்டும் சுங்கம்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் வர்க்கலையிலுள்ள தம் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேசிப் பதிவுசெய்து அந்தக் குரலையும் அனுப்பலாம். அழைப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் இணைப்புக் கிடைப்பதில்லை. 2015இல் அச்செயலி குரல் அழைப்பை அறிமுகப்படுத்தியது தொட்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் நீண்ட காலம் நிலவிவந்த நிலை இது. குரல் போகலாம், உரையாடல் கூடாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

கேரளத்தில் இதற்குக் கிடைக்கும் வழக்கமான விடை, "அது மன்னராட்சி நாடு, அப்படித்தான் இருக்கும்" என்பது. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. நம் குடியரசும் ஏறத்தாழ ஏழாண்டுகள் இதையே செய்தது.

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினிவழிப் பேசும் மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அமெரிக்காவில் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று 1996 மார்ச்சில் அத்தகைய மென்பொருளைத் தடுக்குமாறு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுச் செய்தது; ஆணையம் தடுக்கவில்லை. இந்தியா தடுத்தது. 1998இல் தனியார் இணைய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியபோதும் இணையவழித் தொலைபேசி கூடாது என்ற நிபந்தனை தொடர்ந்தது.

காரணம் கணக்கேட்டில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து ஒருவர் ஊருக்குப் பேசினால், அங்குள்ள நிறுவனம் அவரிடம் வாங்கிய கட்டணத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வி.எஸ்.என்.எல்.லுக்குக் கொடுக்க வேண்டும். இந்தப் பங்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அமெரிக்க ஆணையத்தின் 1997ஆம் ஆண்டு ஆணை காட்டுகிறது: இந்தியா போன்ற குறைந்த வருவாய் நாடுகளுக்கு அமெரிக்க நிறுவனங்கள் செலுத்தும் தொகை நிமிடத்துக்கு 23 சென்ட்டுக்கு மேற்படக் கூடாது என்றது. அதுவே குறைப்பு! திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் நடத்திய முதல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாடுகளில் ஏறத்தாழ 13.6 லட்சம் கேரளத்தவர் இருந்ததாக மதிப்பிட்டது. அவர்கள் அனுப்பிய பணத்தைப் பற்றி நம் ஆய்வுலகம் ஏராளமாக எழுதியிருக்கிறது. பேசுவதற்கு அவர்கள் கொடுத்த பணத்தைப் பற்றி எழுதியது சொற்பம். அதுவும் அந்நியச் செலாவணிதான்.

2002 ஏப்ரல் 1 அன்று இணையவழிப் பேச்சுக்கு இங்கே அனுமதி வந்தது. ஆனால் அப்படி வரும் அழைப்பு இந்தியாவின் சாதாரணத் தொலைபேசியில் வந்து இறங்கக் கூடாது என்றது விதி. அந்த வேலியைத் தாண்டும் தொழில் பின்னரும் ஓயவில்லை. 2021இன் நடுவில் கோழிக்கோட்டில் காவல்துறை சோதனையிட்டுப் பிடித்த 'சமாந்தர எக்ஸ்சேஞ்சு'கள் இவ்வகையின. வெளிநாட்டு அழைப்பை இணையம்வழி வாங்கி, நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவதே அவற்றின் வேலை.

இனி வடிகட்டலுக்கு வருவோம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் திருத்தப்பட்ட வரையறை குறி, எழுத்து, உருவம், ஒலி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தது. இணையத்துக்கும் அப்படியே: எல்லாம் எண்களாக, சிறுசிறு பொட்டலங்களாகப் போகின்றன. அவற்றுள் பேச்சை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? தொடக்கத்தில் எளிது. குறிப்பிட்ட முகவரிகளையும், அழைப்பைத் தொடங்கும் நெறிமுறைக்குரிய 5060 போன்ற வாயில்களையும் அடைத்தால் போதும். 2003இல் வந்த ஸ்கைப் பேச்சை மறையாக்கியது, வாயில்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பொட்டலத்தின் உள்ளே பார்ப்பது பயன்படாதபோது வடிகட்டிகள் அதன் நடையைப் பார்க்கத் தொடங்கின. எழுத்து காத்திருக்கும், பேச்சு காத்திருக்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே நேர்ப்பேச்சு, வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒன்றாக, சிறிய பொட்டலங்களாக, இருதிசையிலும் இடைவிடாது ஓடுகிறது. உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் அந்தத் தாளம் வெளியே தெரியும். பதிவுசெய்த குரலோ ஒரு கோப்பாக, படத்தைப் போலவே போய்விடுகிறது. தொடக்கத்தில் கண்ட வேறுபாட்டை வடிகட்டி நடைமுறைப்படுத்த முடிவது இதனால்தான்.

மொழியியல் படித்தவர்களை அதிரவைக்கும் இன்னொரு செய்தி உண்டு. 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறையாக்கிய பேச்சின் பொட்டல அளவுகளை மட்டும் கொண்டு, 21 மொழிகளுள் பேசப்படுவது எது என ஊகிக்க முயன்று கணிசமாக வென்றனர். உயிரொலிகளுக்கு அதிக எண்கள் தேவை, உரசொலிகளுக்குக் குறைவு. ஆதலால் ஒரு மொழியின் ஒலிச்சேர்க்கை முறை பூட்டிய பெட்டியின் எடையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. இது ஆய்வகச் சோதனை. வளைகுடாவில் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

அமீரகத்தில் உரிமம் பெற்றவை எட்டிசலாத், டூ என்னும் இரண்டு நிறுவனங்கள். 2017 இறுதியில் அங்கே ஸ்கைப்பும் நின்றது. சில நாட்களிலேயே, 2018 ஜனவரியில், போட்டிம், சீமீ ஆகிய செயலிகளில் பேச மாதம் 50 திர்ஹம் கட்டணத் திட்டம் வந்தது. பாதுகாப்பு என்னும் வாதத்தை முழுவதும் தள்ளிவிட இயலாதுதான்; ஆனால் 50 திர்ஹமில் தீர்ந்துபோகும் பாதுகாப்புச் சிக்கலை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2017 செப்டம்பரில், சவூதி அரேபியா இத்தகைய தடையைத் தளர்த்தியிருந்தது. 2020 பெருந்தொற்றின்போது அமீரகம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வேண்டிய ஜூம், டீம்ஸ் போன்றவற்றைத் திறந்தது. வீட்டாரோடு பேசும் வாட்ஸ்அப் அழைப்பு அப்பட்டியலில் இல்லை.

1970களிலும் 80களிலும் வளைகுடா மலையாளிகள் ஒலிநாடாவில் பேசி ஊருக்கு அனுப்பினர். கேட்டவர் அதன்மேல் பதில் பேசித் திருப்பியனுப்பினார். குரல் பதிவுகள் மீண்டும் அந்த வடிவத்துக்கே வந்திருக்கின்றன: இடையே "ம்" கொட்ட ஆளில்லாத நீண்ட தனிப்பேச்சு, எதிராளி கேட்கப்போவதை ஊகித்து முன்கூட்டியே சொல்லும் விடை. உரையாடல் பகுப்பாய்வாளர்கள் முறைமாற்றம் என்று அழைப்பதைத்தான் வடிகட்டி எடுத்துவிட்டது. அந்த ஒலிநாடாக்கள் சில வீடுகளில் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. குரல் பதிவுகள் கைபேசி மாறும்போது போய்விடுகின்றன. காரியவட்டத்திலோ வேறெங்கோ யாரேனும் உரியவர்களின் ஒப்புதலோடு இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தால், தெரிவியுங்கள்.