ரௌட்டருக்கு வாய்த்த அட்டைகள்

பரணுக்கு ஏறவேண்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, ஒன்றை வெளியுலகத்துக்கும் மற்றதை உள்வீட்டுக்குமாக நிறுத்தி, அதையே ரௌட்டர் உத்தியோகத்தில் அமர்த்தும் வழக்கம் 1990களில் பரவியது. ‘லினக்ஸ் ரௌட்டர் ப்ராஜெக்ட்’ என்ற மென்பொருள் ஒரே ஃபிளாப்பியில் அடங்கிவிட்டபடியால், ஹார்ட் டிஸ்க்கும் அவசியமில்லாமல் போயிற்று. எந்த அட்டையை வாங்குவது என்பதுதான் பெரிய விசாரமாக மிஞ்சியது.

அக்காலத்தில் சர்வ சாதாரணமாகக் கிடைத்தது, நாவெல் நிறுவனத்தின் பெயரால் வெளிவந்து, பின்னர் பலராலும் நகலெடுக்கப்பட்ட என்.ஈ.2000. நேஷனல் செமிகண்டக்டரின் 8390 சிப்பை ஆதாரமாகக் கொண்ட இந்த அட்டையில், ஒரே மாதிரியான இரண்டை வாங்கிவந்து அப்படியே செருகினால் இரண்டும் ஒரே முகவரிக்கும் ப்ராசஸரைக் கூப்பிட உதவும் ஒரே குறுக்கீட்டு (interrupt) எண்ணுக்கும் உரிமை கொண்டாடும். ஜம்பரைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டித்தான் அந்தப் பங்காளிச் சண்டையைத் தீர்க்கவேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கிணற்றுநீரைச் செம்பால் மொண்டு தொட்டியில் ஊற்றுவதைப்போல, வந்த பாக்கெட்டை இரண்டிரண்டு பைட்டாக இறைக்கும் சிரமம் முழுவதும் ப்ராசஸரின் தலையிலேயே விழுந்தது.

அட்டைகளைச் செருகுவதற்குப் பி.சி.ஐ. என்ற புதிய பாதை வந்தபின், டிஜிட்டல் நிறுவனத்தின் ‘டியூலிப்’ சிப் முதலியவை ப்ராசஸரை எதிர்பாராமல் தாமே நினைவகத்தில் எழுதும் சாமர்த்தியம் பெற்றன. நாஸாவின் காடர்ட் மையத்தில் பணியாற்றிய டொனால்ட் பெக்கர், லினக்ஸுக்காக இத்தகைய அட்டைகள் பலவற்றுக்கு டிரைவர் எழுதியவர். டிரைவர் செம்மையாக இருக்கிறதா என்று விசாரித்த பிறகே அட்டையின் விலையை விசாரித்தவர்கள், என் அபிப்பிராயத்தில், விவேகிகள். மலிவு விலை ரியல்டெக் 8139 இதற்கு நல்ல சாட்சி. தானே நினைவகத்தில் எழுதும் வித்தை அதற்கும் தெரியும் என்றாலும், வந்த பாக்கெட்டுகளையெல்லாம் ஒரே வளையத்தில் கொட்டிவைத்துவிடுவதால், அவற்றை எடுத்து வேறிடத்தில் பிரதி செய்யும் வேலை மறுபடியும் ப்ராசஸரிடமே திரும்பியது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக இந்த அட்டையின் டிரைவரை எழுதிய பில் பால், மூலநிரலின் குறிப்பிலேயே அந்தச் சிப்பைப் பரிகசித்து வைத்தார்.

நல்ல அட்டையும் ஒரு கட்டத்தில் தடுமாறும். 100 மெகாபிட் கம்பியில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு எழுமானால், வருவோரை வரவேற்பதிலேயே பொழுது கழிந்து, ஒருவரையும் வழியனுப்ப முடியாத நிலை நேரும் என்பதை ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் ஆராய்ந்து எழுதினர். குறுக்கீட்டை நிறுத்திவிட்டு, ப்ராசஸரே அவகாசப்படி போய்ப் பார்த்து வாங்கிக்கொள்ளும் முறை பின்னர் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இடம்பெற்றது.

இத்தனை ஆராய்ச்சியும் செய்து அட்டை வாங்கியவர்களில் பலருடைய வீட்டுக்கு வந்த டிஎஸ்எல் இணைப்போ ஒன்றிரண்டு மெகாபிட்டுக்கு மேற்படவில்லை. அந்த வேகத்துக்கு, 10 மெகாபிட் தாங்கும் பழைய என்.ஈ.2000 தாராளமாகப் போதும்.