பிடியரிசியும் ஆயிரம் ரூபாயும்

போன மே மாதம் அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்டாங்க. அவுக வீட்டுக்காரர் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். அக்கா தார் சுற்றப் போகிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தாள், மார்க் நல்ல மார்க்தான்.

"தம்பி, பிள்ளைய காலேஜுல சேக்கணும்னா மொதல்ல யாரைப் போயிக் கேக்கணும்?"

பீஸ் எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கவில்லை. யாரைக் கேட்கணும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்தது. இந்த வானம் பார்த்த பூமியில் நூறு, நூற்றைம்பது வருஷமாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்க யார் என்ன செய்தார்கள் என்று பழைய குறிப்புகளைத் திரும்ப எடுத்து வைத்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் திருச்சுழி. 1879 டிசம்பர் 30-ல் அங்கே ஒரு வக்கீல் வீட்டில் வேங்கடராமன் என்ற பையன் பிறந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். ஆன்மிகக் கதையை விட்டுவிட்டு, அவர் பள்ளிக்கூடம் போன கதையை மட்டும் பாருங்கள். தொடக்கப் படிப்பு திருச்சுழியில். அதற்குமேல் படிக்க 1891-ல் திண்டுக்கல். மறு வருஷம் அப்பா சுந்தரம் ஐயர் இறந்துபோக, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி ஸ்காட் மிடில் ஸ்கூல், பிறகு அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். ஊரில் நாலு பேர் மதிக்கிற வக்கீல் வீட்டுப் பையனே படிப்புக்காக ஊரை விட்டுப் போகவேண்டி இருந்தது. போன இடத்தில் சோறு போட ஒரு சித்தப்பா வீடும் இருந்தது. மதுரையில் சித்தப்பா இல்லாத பிள்ளைக்கு? அவ்வளவுதான், கதை முடிந்தது. முதல் தடை தூரம்.

அடுத்தது விருதுப்பட்டி, இன்றைய விருதுநகர். சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி போன்ற ஊர்களில் வியாபாரத்தில் கால் ஊன்றிய நாடார்கள் உறவின்முறை என்று ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள். விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். கிணறு, பேட்டை, கோயில் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. 1889-ல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை ஆரம்பித்தார்கள். அதை நடத்த வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டு வைப்பது, சேர்ந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது. தூரம் என்ற தடையை ஒரு ஊர் தன் அடுப்படியிலிருந்தே உடைத்தது என்று சொல்லலாம்.

இது வெறும் தர்ம சிந்தனையில் வந்தது இல்லை. அந்தக் காலத்தில்தான் பக்கத்துக் கமுதியில் 1897-ல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மேல் வழக்கு வந்தது. 1899-ல் சிவகாசிக் கலவரம். கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் கதவு திறக்காத ஊரில், பள்ளிக்கூடக் கதவு அவர்களே செய்துகொள்ளக் கூடியதாக இருந்தது.

அந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்த ஒரு பையன் 1903-ல் பிறந்த காமராஜர். பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடத்துகிறவர்களும் சொந்தக்காரர்கள்தான். ஆனாலும் அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார், பையன் மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனான். நான் இந்த இடத்தில்தான் கொஞ்ச நேரம் நின்றேன். தூரம் இல்லை, பள்ளி இருக்கிறது, இருந்தும் பையன் நிற்கிறான். ஏன்னா, அவன் படிக்கிற ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஒரு வருமானம் குறைகிறது. இரண்டாவது தடை, இழக்கிற கூலி.

1910-ல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. பின்னால் அவர்கள் கல்லூரி மாணவர்களுக்குக் கடனாக உதவித்தொகை கொடுத்தார்கள். படித்து வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டணும், அந்தப் பணம் அடுத்த பையனுக்குப் போகும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடன் கொடுக்கிறவருக்குப் பையனின் அப்பாவைத் தெரியும். எந்த ஊர்க் கல்லூரியில் என்ன படிக்கலாம் என்று விசாரித்துச் சொல்ல ஆள் இருக்கும். படித்து முடித்தால் எந்தக் கடையில், எந்த ஆபீஸில் சொல்லி வைக்கலாம் என்றும் தெரியும். பணம் ஒரு ஆளோடு சேர்ந்து வந்தது.

இதைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான். கடை இல்லாத சாதிக்கு மகமை ஏது? திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பிறர் காட்டில் வேலை செய்து பிழைத்த தலித் குடும்பங்களுக்கும், அன்றாடக் கூலிக்குத் தறி ஓட்டியவர்களுக்கும் எடுத்து வைக்கச் சரக்கு மூட்டை கிடையாது, பிடியரிசி எடுக்கப் பானையில் அரிசியும் கிடையாது. உறவின்முறை என்ற சொல்லிலேயே உறவு இருக்கிறது. உறவுக்கு வெளியே இருந்தவர்கள் வெளியேதான் இருந்தார்கள்.

அந்த இடத்துக்கு அரசாங்கம் வந்துதான் ஆகணும், வந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற அதே பையன் 1954-ல் முதலமைச்சர் ஆனார். 1956-ல் மதிய உணவு. 1960-ல் ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குக் கீழே உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு முழுக்க இலவசம். சோறும் பீஸும் தீர்ந்தால் பிள்ளையைப் பள்ளியில் இருந்து நிறுத்துவதற்குக் காரணம் குறையும் என்பது அவர் ஏட்டில் படித்தது இல்லை.

கல்லூரி மட்டும் தூரமாகவே இருந்தது. 1947-ல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. அருப்புக்கோட்டையில் சைவ பானு க்ஷத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் 1970-ஐ ஒட்டித்தான் வந்தன. ஒன்று வியாபாரிகள் கட்டியது, மற்றது நெசவாளர் சமூகம் கட்டியது. இன்றைக்கு இரண்டிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பலரும் கவனிக்காத மாற்றம் ஒன்று 1978-ல் நடந்தது. அதற்கு முன்பு பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போகணும். அதாவது பதினாறு வயசிலேயே கல்லூரி உள்ள ஊருக்குப் போகணும். 1978-ல் பிளஸ் டூ வந்ததும் அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., அவர் 1977-ல் ஜெயித்த தொகுதி இதே அருப்புக்கோட்டை. மேல்நிலைப் பள்ளி இருந்த ஒவ்வொரு ஊருக்கும் கல்லூரி வாசல் ஒரு எட்டு பக்கத்தில் வந்தது மாதிரிதான் அது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம். 2022-ல் திருச்சுழியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி. வேங்கடராமன் படிப்புக்காக ஊரை விட்டுப் போன 1891-லிருந்து எண்ணினால் நூற்றி முப்பத்தோரு வருஷம்.

அதே 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்து மேலே படிக்கிற பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய், நேராக வங்கிக் கணக்கில். "ஆயிரம் ரூவாய வச்சு என்ன பண்றது" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தறி ஓட்டுகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுச் செலவு, நோட்டு, செல்போன் ரீசார்ஜ், இதற்கெல்லாம் வீட்டில் கை நீட்ட வேண்டாம். "படிச்சது போதும், மில்லுக்குப் போ" என்று அப்பா சொல்கிற நாளை அந்தப் பணம் தள்ளிப் போடுகிறது. காமராஜரை ஜவுளிக்கடைக்கு அனுப்பிய அந்த இரண்டாவது தடைமேல் விழுந்த அடி அது.

மூன்றாவது தடைதான் அந்த அக்கா கேட்டது. தூரம் குறைந்தது, செலவு குறைந்தது. யாரைக் கேட்பது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய சங்கக் கடன் ஒரு ஆளோடு வந்தது, இன்றைய பணம் தனியாக வருகிறது. நான் முதல்வன், உயர்வுக்குப் படி என்று அரசு இதற்கும் திட்டம் வைத்திருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் தெருவில் பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேணும். நான் படிச்சதே பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த பாடத்தில்தான். எனக்கு அது பிடிக்குமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம் போட்டால் போதும், பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. பதிவுக்கும் விண்ணப்பத்துக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய், பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு இரண்டே ரூபாய். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும் என்றேன். பிள்ளைக்கு பி.காம். பிடிக்குமாம். "கணக்குப் பாக்குறது எனக்கு நல்லா வரும் மாமா" என்றாள். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கிளம்பும்போது எதிர் வீட்டிலிருந்து இன்னொரு அக்கா பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றாங்க.

அன்றைக்கு அடுப்படியில் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். படித்து வேலைக்குப் போன நம்மால் மே, ஜூன் இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் எடுத்து வைக்க முடியாதா? சொந்தத் தெரு, படித்த பள்ளிக்கூடம், எங்கே வேண்டுமானாலும். இந்த முறை உறவு பார்க்காமல். அடுத்த மேயில் எங்கள் தெருத் திண்ணையில் நான் இருப்பேன்.