தங்கத் துகள் + லேசர்: கேன்சர் கட்டியை மட்டும் சுடும் சிகிச்சை... எப்படி வேலை செய்யுது?

புராஸ்டேட் கேன்சர் என்றதும் ஆண்களுக்கு உயிர் பயத்தோடு இன்னொரு பயமும் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியுமா, தாம்பத்யம் பாதிக்குமா? இதற்கான நரம்புகளும் தசைகளும் அந்தச் சுரப்பியை ஒட்டியே இருப்பதுதான் காரணம். அவற்றைத் தொடாமல் கட்டியை மட்டும் அழிக்கும் முயற்சிதான் இது.

அது என்ன துகள்?

உள்ளே சிலிக்கா உருண்டை, மேலே மெல்லிய தங்கப் பூச்சு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் உருவாக்கியது. அளவு சுமார் 150 நானோமீட்டர். ரத்தச் சிவப்பணு இதைவிட சுமார் 50 மடங்கு பெரியது!

என்ன நடக்குது?

* முதல் நாள், துகள்களை டிரிப்ஸ் வழியாக ரத்தத்தில் ஏற்றுவார்கள்.
* கட்டிக்குள் அவசரமாக வளர்ந்த ரத்தக் குழாய்களில் இடைவெளி அதிகம். அதன் வழியே கசிந்து துகள்கள் கட்டியில் தங்கிவிடும்.
* மறுநாள், கட்டிக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சுவார்கள்.
* அளவான இந்த ஒளி சாதாரண சதையைப் பெரிதாகச் சுடாது. ஆனால் துகள்கள் அதை உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள கேன்சர் செல்களைக் கொன்றுவிடும்.

ரிசல்ட் எப்படி?

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் டாக்டர்கள் தலைமையிலான ஆய்வு 2019-ல் வெளியானது. 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. சிறுநீர், தாம்பத்யம் இரண்டிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. ஓராண்டு கழித்து 13 பேருக்கு, சிகிச்சை செய்த இடத்தில் கேன்சர் தென்படவில்லை.

இதை மறக்காதீங்க

இது சிறிய, ஆரம்பக்கட்ட ஆய்வு. ஒளி படும் இடத்தில்தான் பலன். உடல் முழுக்கப் பரவிய கேன்சருக்கு இது தீர்வல்ல. இதை நம்பி, டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.