காரீயமும் ஒரு சின்ன சென்சாரும்



காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் மெக்கானிக் பல நேரம், "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு" என்பார். அந்தச் சின்னப் பொருளுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

1889-ல் ஜெர்மனியில் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு சமன்பாடு தந்தார். (பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தீர்களே, அவரேதான்.) இரு பக்கமும் செறிவு வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்பதற்கான கணக்கு அது. சென்சார் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு முனை மூடிய சிறு சிர்கோனியா பீங்கான் குழாய். இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் எஞ்சின் புகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும் வேலை தொடங்கும். புகையில் ஆக்ஸிஜன் குறைந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், மிகுந்தால் 0.1. அதைப் பார்த்து, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவில் கணினி நிறுத்துகிறது. புகையின் நச்சை முறிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அந்த அளவு தவறக் கூடாது. பாஷ் நிறுவனம் தயாரித்த இந்த சென்சார், 1976-ல் அமெரிக்கா சென்ற வோல்வோ கார்களில் முதலில் வந்தது.

அதற்கு முன்பே ஓர் எதிரி பெட்ரோலில் இருந்தது. எஞ்சின் தட்டும் சத்தத்தை அடக்க, 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி காரீயச் சேர்மம் ஒன்றைக் கண்டார். 1924-ல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்களில் 5 பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். சுமார் ஓராண்டு நின்ற விற்பனை மீண்டும் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, அந்தக் காரீயம் பிளாட்டினத்தில் படிந்து கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்றதும், 1974-ல் அமெரிக்க பங்குகளில் காரீயமில்லா பெட்ரோல் கட்டாயமானது. குழந்தைகளின் உடல்நலத்துக்காகக் காரீயத்தைக் குறைக்கும் விதியோ நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. இந்த வரிசை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நம் நாட்டில் 1995-ல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் தொடங்கி, 2000-ல் நாடு முழுதும் காரீயம் நீங்கியது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்தான்.

இன்று சென்சாரைக் கெடுப்பவை வேறு: எரியும் எஞ்சின் ஆயில், கசியும் கூலன்ட், கேஸ்கெட்டில் தடவும் பொருந்தாத சிலிகான் பசை. ஆகவே புதிது மாட்டும் முன், பழையது எதனால் கெட்டது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆயில் புகைந்துகொண்டே இருந்தால் புதியதும் அதே வழிதான் போகும்.