கயத்தாற்றில் ஓர் அயற்கூற்று

வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதற்கு மறுநாள், 1799 அக்டோபர் 17 அன்று, மேஜர் பானர்மன் சென்னை அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மால் கொல்லப்பட்டவரின் அஞ்சாமைக்குப் பகைவரே அளித்த சான்று அது. வரலாற்று ஆர்வலர்கள் அதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் அதன் வினைகளை மட்டும் தனியே பார்த்தவர்கள் குறைவு. ஆங்கிலத்தின் அயற்கூற்றும் முற்றுப்பெற்ற இறந்தகாலமும் ஒரு மனிதனின் கடைசிப் பேச்சை என்ன செய்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் கிடைப்பது அரிது.

முதலில் இலக்கணத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம். இறந்தகாலத்தில் நிற்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் முன்னதாக இன்னொன்று முடிந்துவிட்டது என்பதைக் காட்ட ஆங்கிலம் 'ஹேட்' என்ற துணைவினையைக் கொண்டு ஒரு தனிவடிவம் வைத்திருக்கிறது. தமிழில் ஏறத்தாழ 'வந்திருந்தான்'. சார்பு வாக்கியங்களில் அந்த மொழி இதை இயல்பாகக் கையாளும். பானர்மனின் கடிதத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. விசாரணையின்போது எட்டயபுரம் பாளையக்காரரைக் கட்டபொம்மன் இகழ்ச்சியோடு நோக்கியதைச் சொல்லும் வாக்கியத்தின் நடுவே, அந்த எட்டயபுரத்தார் அவரைப் பிடிப்பதற்கு எவ்வளவு முனைந்திருந்தார் என்பது ஒரு சிறு துணைவாக்கியமாக நுழைகிறது. பார்வை அன்றைக்குரியது, துரத்தல் அதற்கு முந்தையது. ஒரே ஒரு துணைவினை அந்த இகழ்ச்சிக்கான காரணத்தை அடியில் வைத்துவிடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல உரைநடை.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில். தூக்குமரத்தை நோக்கி நடந்தபோது கட்டபொம்மன் பேசியதைப் பானர்மன் தாமே கேட்கவில்லை. தமக்கு அவ்வாறு தெரிவிக்கப்பட்டது என்றுதான் எழுதுகிறார். வாய்பேச இயலாத தம் தம்பியைப் பற்றி மட்டுமே அவர் கவலை தெரிவித்தாராம். மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினாராம். அதைக் காத்து அங்கேயே மடிந்திருப்பது மேலாக இருந்திருக்கும் என்றாராம்.

நான் இங்கே மூன்று 'ஆம்' போட்டிருக்கிறேன். பானர்மனுக்கு ஒன்று போதுமாக இருந்தது. வாக்கியத்தின் தலையில் 'தெரிவிக்கப்பட்டது' என்று ஒருமுறை எழுதிவிட்டால், ஆங்கிலம் அதன்பின் வரும் காலங்களையெல்லாம் ஒருபடி பின்னே தள்ளிவிடும். 'வருந்துகிறேன்' என்பது 'வருந்தினார்' ஆகிவிடும். 'இப்போது' என்ற சொல் 'அப்போது' ஆகிவிடும். அந்தக் கடிதத்தில் உண்மையாகவே ஒரு 'அப்போது' இருக்கிறது. தூக்குக் கயிற்றின் கீழ் நின்ற மனிதனின் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்னது 'இப்போது' என்பதாகத்தான் இருக்க முடியும்.

தமிழ் இப்படிச் செய்வதில்லை. நமக்கு 'என்று' இருக்கிறது. அதற்கு முன்னால் பேசியவனின் தன்மையும் காலமும் கெடாமல் நிற்கும். "நான் வருகிறேன் என்று போன வருடம் சொன்னான்" என்பதில் வருகிறவன் இன்றும் வந்துகொண்டே இருக்கிறான். 'வருவதாகச் சொன்னான்' என்று அயற்கூற்றாக மாற்றினாலும் 'நான்' மறையுமே தவிர எதிர்காலம் எதிர்காலமாகவே இருக்கும். ஆங்கிலத்தில் 'வந்தேன்', 'வந்திருக்கிறேன்' ஆகிய இரண்டும் அயற்கூற்றில் பெரும்பாலும் 'வந்திருந்தான்' என்ற ஒரே அச்சில் விழுகின்றன. வினாத்தாளில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றி மதிப்பெண் வாங்கும் மாணவர்கள், மாற்றியதை மறுபடி நேர்க்கூற்றாக்க முயன்றால் தெரியும், எதில் தொடங்கினோம் என்பதை மீட்க வழியே இல்லை.

இந்தக் கடிதத்தைத் தம் திருநெல்வேலி வரலாற்றில் (1881) சேர்த்து நமக்குத் தந்தவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதிய அதே கால்டுவெல். இரு மொழிகளின் வினையமைப்பையும் அவரளவு அறிந்தவர்கள் அன்று அதிகம் இல்லை. பின்னாளைய தமிழ் நூல்கள் அந்த வரியைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது மேற்கோள்குறி போட்டு, தன்மையில், நேர்க்கூற்றாகக் கொண்டுவந்தன. தமிழ் உரைநடையின் இயல்பு அது. ஆயினும் மேற்கோள்குறிக்குள் இருப்பது கட்டபொம்மனின் சொல்லன்று, ஒரு கணிப்பு. அவர் பேசியது தமிழா தெலுங்கா என்பதையே கடிதம் சொல்வதில்லை.

அந்தப் பெயர்ப்பில் மிகச் சங்கடமான இடம் ஒன்று உண்டு. ஆங்கில வாக்கியம் நடவாத ஒன்றை எண்ணி ஏங்குவது: மடிந்திருந்தால் மேல், ஆனால் மடியவில்லை. தமிழில் "கோட்டையிலேயே இறந்திருக்கலாம்" என்று எழுதினால் ஏக்கம் வந்துவிடும். ஆனால் அதே வாக்கியத்தைச் செய்தி தெரியாத ஒருவர் சொன்னால் அது வெறும் ஊகம், ஒருவேளை இறந்திருக்கக்கூடும் என்று பொருள். நம் 'இருக்கலாம்' இரண்டையும் ஒரே குரலில் சொல்லும்.

அந்தப் போரில் கட்டபொம்மனோடு நின்ற பாளையங்களுள் ஒன்று ஏழாயிரம்பண்ணை. நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவை மற்றவை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியோடு இந்த ஐந்தும் பறிமுதல் செய்யப்பட்டன. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பாளையக்காரர் என்ன சொன்னார்? பரவலாக வாசிக்கப்படும் வரலாறுகளில் அவர் ஒரு பட்டியலில் நான்கைந்து பெயர்களுக்கு நடுவே வருகிறார், செயப்பாட்டுவினையோடு முடிந்துவிடுகிறார். அயற்கூற்றாகக்கூட ஒரு சொல் அவருக்கு வாய்க்கவில்லை.

இன்று அந்த ஊரைச் சுற்றித் தீப்பெட்டியும் பட்டாசும்தான் பிழைப்பு. 2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகள் நம் நாளிதழ்களில் முதலில் எழுதப்படும் முறையைக் கவனியுங்கள். உராய்வால் தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது, அளவுக்கு மீறி ஆட்களை அமர்த்தியிருந்ததாகத் தெரிகிறது. 'ஆக' ஒட்டிக்கொண்டவுடன் சொன்னவர் யார் என்பது கரைந்துபோகும். காலத்தைப் பின்தள்ளாமலேயே ஆளைப் பின்தள்ளும் வித்தை நம் மொழிக்கும் தெரியும். கூடவே 'தவிர்த்திருக்கலாம்' என்ற சொல்லும் தவறாமல் வரும். அது ஏக்கமா, குற்றச்சாட்டா என்பதை வாசிப்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பானர்மனின் இலக்கணத்தைப் பழித்துவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மையன்று.

கட்டபொம்மன் கவலைப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தம்பி, ஊமைத்துரை, 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது, அவ்வாண்டு மே 24 அன்று விழுந்தது, நவம்பரில் அவரும் தூக்கிலிடப்பட்டார். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். கட்டளையிட அவருக்குச் சொல் தேவைப்படவில்லையாம். துரும்புகள் சிலவற்றை இடது உள்ளங்கையில் பரப்புவார், அவை ஆங்கிலப் படை. பிறகு வலது கையால் அவற்றை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளி, வாயால் ஓர் ஒலி எழுப்புவார். அதுதான் தாக்குதலுக்கு ஆணை.